சுண்ணாம்பின் அளவு

காந்தலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில், வெற்றிலைத் தட்டின் ஓரத்தில், பித்தளையாலான சிறு சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்று எப்போதும் இருக்கும். அம்மா ஆள்காட்டி விரலின் நுனியை அதில் ஒற்றி, வெற்றிலையின் முதுகில் ஓர் இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான். சிறுவனாகிய நான் ஒருமுறை அந்த அளவை அறியாமல் அள்ளித் தடவி மென்று, வாய் வெந்து இரண்டு நாள் கஞ்சி குடித்துக் கிடந்தேன். சுண்ணாம்புக்கு அளவு உண்டு என்னும் பாடத்தை நான் கற்றது அன்றுதான். ஆனால் அந்தப் பாடம் என் தாயின் உயிரைத் தொட்டுக்கொண்டு மீண்டும் ஒருமுறை என்னிடம் வரும் என்று அப்போது எப்படித் தெரியும்?

இம்மலரைப் படிப்போரில் பலர் காந்தலூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தஞ்சை, நெல்லை, மதுரை என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அன்பர்களிடையே நான் என் ஊர்ப்பெயரைச் சொன்னதும், "அது கேரளமாயிற்றே, நீங்கள் மலையாளியா?" என்ற கேள்வி தவறாமல் வரும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறி, மறையூரைக் கடந்து மேலே போனால் எங்கள் ஊர். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி ஆகிய ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். எங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது ஊர்வழக்கு. அரசின் கடிதம் மலையாளத்தில் வரும். அதற்கு வீட்டில் பொருள் சொல்லிக்கொள்வது தமிழில் நடக்கும். ஆப்பிளும் பூண்டும் விளையும் குளிர்ந்த நிலம் அது. ஆகவே டில்லியில் குமாஸ்தாவாக வந்து சேருமுன்பே நான் புலம்பெயர்ந்தவன்தான்; பிறந்த மண்ணிலேயே புலம்பெயர்ந்தவன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

தந்தையார் பத்துமுறியும் பாத்தியுமாக இருந்த சிறு நிலத்தில் கரும்பு பயிரிட்டு, பருவம் வந்ததும் ஆலைக்கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவார். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் இதுவே. அச்சில் வார்க்காமல் கையால் உருட்டிப் பிடிப்பது அதன் வழக்கம். கரும்புச்சாறு கொப்பரையில் கொதிக்கத் தொடங்கியதும் தந்தையார் சுண்ணாம்பு நீரை அகப்பையால் முகந்து ஊற்றுவார். சற்றைக்கெல்லாம் சாறு தெளிய, கறுத்த அழுக்கு நுரையோடு திரண்டு மேலே மிதந்து வரும். அதை வடித்தெடுத்து எறிவது என் வேலை. சாற்றிலுள்ள பாஸ்பேட்டும் சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் கைகோத்துக் கரையாத பொருளாகித் திரள்கையில், சாற்றின் புரதங்களையும் பிற மாசுகளையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகின்றன என்பது பிற்காலத்தில் நான் படித்தறிந்தது. சுண்ணாம்பு மிஞ்சினால் வெல்லம் கறுத்துப்போகும் என்பதைத் தந்தையார் எந்த நூலும் படியாமல் அறிந்திருந்தார். இந்தக் கொப்பரையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; மீண்டும் இங்கு வருவோம்.

2011-ஆம் ஆண்டில் அம்மாவின் முன்கழுத்துக் கழலை பெரிதாகி, சோறு விழுங்கத் தடையாயிற்று. அறுவை செய்து தைராய்டுச் சுரப்பியை நீக்கிவிடுவதே நல்லது என்றார்கள். ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். சமவெளி நகரம் ஒன்றில் உள்ள மருத்துவமனை. அதன் பெயர் இங்கு வேண்டாம், அவர்கள் கைதேர்ந்தவர்களே. அறுவைக்கு முன்னால் ஒரு படிவத்தை நீட்டினார்கள். எந்தக் கோப்பையும் வரிவரியாகப் படிக்காமல் சுருக்கொப்பம் இடமாட்டேன் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவன் நான். அந்தப் படிவத்தில் மட்டும், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், படிக்காமல் ஒப்பமிட்டேன்.

அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் மாலை அம்மா சொன்னார்: "கை மரத்துப் போன மாதிரி இருக்குது ராசா. வாயைச் சுத்தி எறும்பு ஊர்றாப்பில இருக்குது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? செவிலியை அழைத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, "பயந்து பயந்தே எல்லாம் வரும், கண்ணை மூடித் தூங்குங்கள் அம்மா" என்று அதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். அதட்டுவதற்கு எனக்குப் பழக்கம் உண்டு. அஞ்சல் பிரிவில் அதிகநாள் இருந்தவர்களுக்கு அது ஒட்டிக்கொள்ளும். அம்மா அதன்பிறகு வாய் திறக்கவில்லை. இரவு முழுவதும் மகனின் தூக்கத்தைக் கெடுக்க மனமின்றி வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். விடியற்காலையில் இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலி, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். அப்போது நான் கண்ட காட்சியை இன்றும் மறக்க இயலவில்லை. விரல்கள் நீண்டவாறே ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்தன. பெருவிரல் உள்ளங்கைக்குள் மடிந்தது. மணிக்கட்டு உள்நோக்கி வளைந்தது. வாசலில் கோலமாவு எடுக்கும் கை எப்படியிருக்குமோ அப்படி. ஆனால் அந்தக் கையைத் திறக்க அம்மாவால் முடியவில்லை.

செவிலி ஒரு சொல்லும் பேசாமல் ஓடினார். மருத்துவர் வந்து கன்னத்தில் காதருகே விரலால் மெல்லத் தட்ட, உதட்டோரம் வெட்டி இழுத்தது. இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது என்றார். டெசிலிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது, ஆறரைக்கும் கீழே இருந்தது. கால்சியம் குளுக்கோனேட் என்னும் மருந்தை நரம்பில் மிக மெதுவாக, பத்து நிமிடத்திற்குக் குறையாமல், இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார்கள். அவசரப்பட்டால் இதயம் தடுமாறும் என்றார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து இறங்க இறங்க, என் கைக்குள் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன.

தில்லிக்குத் திரும்பி, மருத்துவச் செலவை மீட்பதற்கான கோரிக்கையைத் தயாரித்தபோதுதான் அந்தப் படிவத்தின் நகல் என் மேசைக்கு வந்தது. நான் ஒப்பமிட்ட கோட்டுக்கு இரண்டு வரி மேலே, தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகளுக்கு ஊறு நேரலாம் என்றும், அதனால் கால்சியம் குறைந்து கைகால் மரத்தலும் இழுத்துக்கொள்ளுதலும் வரலாம் என்றும் அச்சிட்டிருந்தது. அம்மா சொன்ன அதே சொற்கள், ஆங்கிலத்தில்.

நான் பி.ஏ. வரலாறு படித்தவன். அறிவியல் பள்ளியோடு முடிந்தது. எனினும் அன்று தொடங்கிய உறுத்தல், தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் அந்நாளில் நடைபாதையில் கூடிய பழைய புத்தகச் சந்தைக்கு என்னை இழுத்துச் சென்றது. மருத்துவ மாணவர் கழித்துப்போட்ட உடலியல் நூல் ஒன்று நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அதிலிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு வருகிறேன். என் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றே: ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புச் சத்து குறைந்ததற்கு ஒரு கை ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

முதலில் நான் கண்டது ஒரு தவறின் கதை. எங்களைப் போன்ற கடைநிலையினரின் தவறு என்பதால் அதில் எனக்குத் தனிப் பிரியம். 1880-களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்துச் சோதித்துவந்தார். உப்புநீரே போதும், இதயம் நெடுநேரம் துடிக்கிறது என்று 1882-இல் எழுதினார். பிறகுதான் தெரிந்தது: வாலைநீரில் கரைக்க வேண்டிய உப்பை, உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கரைத்திருக்கிறார்! சரியான வாலைநீரைப் பயன்படுத்தியதும் இதயம் சோர்ந்து நின்றுபோயிற்று. இலண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியமே அதைத் துடிக்க வைத்தது என்பதை ரிங்கர் கண்டு, தம் முந்தைய கூற்றைத் தாமே திருத்தி 1883-இல் வெளியிட்டார். தம் கோப்பில் தாமே பிழைதிருத்தம் எழுதும் அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் இக்கதை என் குழப்பத்தைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. கால்சியம் இல்லாவிடில் தசை துடிக்காமல் நின்றுவிடும் என்கிறது தவளையின் இதயம். கால்சியம் குறைந்ததும் தசை விடாமல் இறுகிக்கொண்டது என்கிறது என் தாயின் கை. இரண்டில் எது உண்மை?

இதற்கு விடைகாண உயிரணுவுக்குள் போக வேண்டும். நம் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கிவிடும். எஞ்சிய சிறுபங்குதான் இத்தனை ஆட்டமும் ஆடுகிறது. உயிரணுவைச் சூழ்ந்த நீரில் பத்தாயிரம் கால்சிய அயனிகள் இருந்தால், அதே அளவு உள்நீரில் கட்டற்றுத் திரிவது ஒன்றே ஒன்று. உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டு, உள்ளே வந்ததை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டும், உள்ளேயுள்ள பைகளில் அடைத்துக்கொண்டும் இருக்கிறது. ஏன் இந்தப் பாடு? இங்குதான் தந்தையாரின் கொப்பரை எனக்குக் கைகொடுத்தது. உயிரணுவின் அன்றாடச் செலாவணி பாஸ்பேட். அதன் ஆற்றல் கணக்கெல்லாம் அதில்தான் நடக்கிறது. பாஸ்பேட் நிறைந்த அந்நீரில் கால்சியம் தாராளமாகப் புகுந்தால், சாற்றில் அழுக்குத் திரள்வதுபோல் உள்ளேயும் சுண்ணாம்புக் கட்டி திரண்டுவிடும். ஆகவே உயிர்கள் தொன்றுதொட்டே கால்சியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர்.

அப்படி அரிதாக்கப்பட்ட பொருளே சைகையாகவும் ஆயிற்று. அமைதியான அலுவலகத்தில்தான் மணியோசை கேட்கும். சந்தைக்கடையில் மணியடித்து யாரை அழைப்பது? உள்நீரில் கால்சியம் பத்து மடங்கு உயர்ந்தாலும் அது வெளியிலிருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் உயிரணு முழுதும் அதைக் கேட்கிறது.

கேட்பவை புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது மடிந்து கொள்ளும் வடிவமே அதன் தொழில். அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளையவே முடியாது என்று வரைபடம் போட்டுக் காட்டியவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட அவ்வரைபடம் அவர் பெயராலேயே உலகெங்கும் பயிலப்படுகிறது. (கேரளத்தில் பிறந்து தமிழகத்தில் பேர் வாங்கியவரைக் கண்டால் எனக்கு ஓர் உறவுமுறை தோன்றிவிடுகிறது; பொறுத்தருள்க.) கால்சிய அயனி இரட்டை நேர்மின்னூட்டம் உடையது. புரதத்தின் எதிர்மின்னூட்டமுள்ள இடங்கள் அதைச் சுற்றிவளைத்துப் பற்றுகின்றன. பற்றும்போது சங்கிலி இழுபட்டு வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் தொழில் மாறுகிறது. கால்சியம் எதையும் செய்வதில்லை. வந்து உட்கார்கிறது, அவ்வளவே. உட்கார்ந்த மாத்திரத்தில் இடம் மாறிக்கொள்வன புரதங்கள்.

தசையில் இதைக் கண்டறிந்து சொன்னவர் ஜப்பானியரான செட்சுரோ எபாஷி. தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கத் தயாராகவே நிற்கின்றன. ஆனால் பற்ற வேண்டிய இடத்தை ஒரு புரதக் கயிறு மூடிக்கொண்டிருக்கிறது. அக்கயிற்றைக் காவல் காக்கும் டிரோபோனின் என்னும் புரதத்தை எபாஷி 1965-இல் அறிவித்தார். கால்சியம் வந்து டிரோபோனினைப் பற்றியதும் கயிறு விலகுகிறது, இழை இழையைப் பற்றுகிறது, தசை சுருங்குகிறது. கால்சியத்தை மீண்டும் பைக்குள் இறைத்ததும் கயிறு பழைய இடத்துக்கு வர, தசை தளர்கிறது. நாம் இமை கொட்டுவதும் இதனால்தான். இப்பக்கத்தைப் புரட்டுவதும் இதனால்தான்.

தசைக்கு டிரோபோனின் என்றால், ஏனைய உயிரணுக்களுக்குக் கால்மோடுலின். 1970-ஐ ஒட்டி வை யூ சியூங், ஷிரோ ககியூச்சி என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தது. 148 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். கால்சியத்துக்கு நான்கு இருக்கைகள். இருக்கைகள் நிரம்பியதும் இதன் இரு முனைகளிலும் மறைந்திருந்த பரப்புகள் திறக்கின்றன. வேறொரு புரதத்தின் வால்போன்ற பகுதியை, கயிற்றைக் கை பற்றுவதுபோல் இருபுறமும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட புரதம் விழித்து வேலை தொடங்குகிறது. அதன் முப்பரிமாண வடிவம் 1985-இல் வெளிவந்தபோது கட்டுரையின் முதற்பெயர் ஒய். எஸ். பாபு என்பதாக இருந்தது. முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்திலும் இப்புரதம் ஓரெழுத்தும் மாறாமல் ஒன்றே என்று படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ரிங்கரின் தவளைக்கும் என் தாய்க்கும் ஒரே எழுத்தாளர் எழுதிய ஒரே சுற்றறிக்கை!

ஒரே மணியோசைக்கு ஓரிடத்தில் தசை சுருங்குகிறது, ஓரிடத்தில் உமிழ்நீர் சுரக்கிறது, மூளையில் நினைவு பதிகிறது. எப்படி? எங்கள் அலுவலகத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மணி ஒன்றே, எந்த அறையில் அடித்தது, எத்தனை முறை அடித்தது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து கோப்பு வரும், அல்லது தேநீர் வரும். உயிரணுவிலும் கால்சியம் ஒரே சீராக உயர்வதில்லை. விட்டுவிட்டு எழுந்து அடங்குகிறது. அடிக்கடி எழுந்தால் ஒரு பொருள், அரிதாக எழுந்தால் வேறு பொருள். அடித்த மணி ஓயவே இல்லையெனில் அந்த உயிரணு மாண்டுபோகும்.

இனி அம்மாவின் கை. நரம்பின் மேல்தோலில் சோடிய அயனிகள் புகும் வாயில்கள் உண்டு. வெளியே போதிய கால்சியம் இருக்கும்வரை அது வாயிற்காவலன்போல் அத்தோலை ஒட்டி நின்று, அவ்வாயில்கள் எளிதில் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வெளியே கால்சியம் குறைந்தால் காவல் தளர்கிறது. எவரும் ஏவாமலே நரம்பு தானாகப் படபடவென்று செய்தி அனுப்பத் தொடங்குகிறது. உதட்டைச் சுற்றி ஊர்ந்த எறும்பு அதுதான். அந்தப் பொய்ச்செய்தி கைத்தசையை எட்டுகிறது. கைத்தசையோ தன் பைகளுக்குள் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. வெளியே பஞ்சம் என்பது அதற்கு உடனே தெரியாது. ஆகவே சேமிப்பைத் திறந்து, திறந்து, இறுகிக்கொண்டே போகிறது. தவளையின் இதயத்துக்கு அத்தகைய சேமிப்பு மிகக் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். அதனால் அது நின்றுவிட்டது. வெளியே நிற்கையில் காவலன், உள்ளே நுழைந்தால் தூதன்: ஒரே ஆள்தான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. பாராதைராய்டை நீக்கியபின் வரும் இழுப்பு கால்சியம் கொடுத்தால் தீரும் என்று மக்கல்லமும் வோக்ட்லினும் 1909-லேயே காட்டியிருந்தார்கள். நூறாண்டுப் பழைய அறிவு அது. அந்த மாலையில் எனக்கும் அதற்கும் இடையே நின்றது என் அதட்டல் ஒன்றுதான்.

படிக்கத் தொடங்கிய பின் எங்கும் கால்சியமே தென்படுகிறது. வயலோரத் தொட்டாற்சிணுங்கி இலை மூடுமுன்னர், அதனுள் கால்சிய அலையொன்று ஓடுவதை ஒளிரும் புரதத்தின் துணையால் ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்தார் படமெடுத்து 2022-இல் வெளியிட்டனர். ஜகதீஷ் சந்திர போஸ் அந்தச் செடியோடு பல்லாண்டு போராடியவர். அவர் இதைப் பார்க்கவில்லையே என்று வருந்தினேன். கேரளத்துப் பரப்பனங்காடியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, இப்போது சிகாகோவில் பணிபுரியும் யமுனா கிருஷ்ணன் என்னும் அம்மையாரின் குழுவினர், உயிரணுவுக்குள் அமிலம் மிகுந்த சிறு பைகளிலும் கால்சியத்தை அளக்கும் கருவியொன்றை டி.என்.ஏ.வைக் கொண்டே செய்து 2019-இல் வெளியிட்டார்கள். அமிலம் குறுக்கிட்டு அளவைக் கெடுத்துவந்த இடம் அது. அச்செய்தியைக் கத்தரித்து உடலியல் நூலுக்குள் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் பாராதைராய்டுகள் மீளவில்லை. அரிசி மணியளவு சுரப்பிகள் நான்கின் வேலையை இப்போது மாத்திரைகள் செய்கின்றன: காலையும் இரவும் கால்சியம், அதைக் குடல் ஏற்க வைட்டமின் டி. மிகுந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு, குறைந்தால் எறும்பு ஊரும். ஆகவே அவ்வப்போது மறையூருக்கு இறங்கி இரத்தம் கொடுக்கிறார். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் அதுதானே இருக்கிறது, அதைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் மாத்திரைச் செலவு மிச்சம்தானே என்று ஒருமுறை கேட்டார். மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு, விரல்நுனியால் தொடுவது வேறு என்று சொல்லிவிட்டு, வாய் வெந்த பழைய கதையை நினைவூட்டினேன். சிரித்தார். அந்த இரவைப் பற்றி நானும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை.

மாத்திரைகளை இங்கேயே வாங்கி, மாதம் பிறக்குமுன் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். சேர்ந்ததும் தொலைபேசியில் அழைப்பார். மழை, பூண்டு விலை, காட்டுப்பன்றி புகுந்த கதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நான் கேட்காமலே, "கை நல்லா விரியுது ராசா" என்பார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கையை விரித்து மூடிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அலுவலக மேசையில், கோப்புகளுக்கு நடுவே, யாரும் பாராத வேளையில் நானும் அதைச் செய்கிறேன்.